கண்ணை மூடும் மாப்பிள்ளைக்குச் சரமாரி

வாக்காளர் அட்டையில் தூங்கியவர்

திருச்செங்கோட்டில் ஸ்டுடியோ வைத்து இருபத்தெட்டு வருடமாகப் படம் எடுக்கிறேன். பல் தெரியாமல் எடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நிறம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கிற பங்காளியை வெட்டிவிட்டுக் கொடுங்கள் என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். கண் திறந்திருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று கேட்டவர் பழனியம்மாள் அக்கா ஒருவர்தான்.

அன்று வியாழக்கிழமை. கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். அக்கா தன் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மகன் குமரேசனுக்கு முப்பத்து மூன்று வயது. ஆள் ஆறடி உயரம். அக்கா அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டார். ஆனாலும் அவர் இழுக்க, இவர் வந்தார்.

"ஏனுங்கம்மணி, கண்ணு தொறந்தாப்பல ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுத்துருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் அக்கா.

எனக்கு விளங்கவில்லை. உட்காரச் சொல்லி விசாரித்தேன். குமரேசன் மச்சானோடு பங்கு சேர்ந்து ஒரு போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. வீதிக்கு நாலு ரிக் வண்டி நிற்கும் ஊர் இது. பன்னிரண்டு வருடமாக அந்த வண்டியோடு ஆந்திரா, சத்தீஸ்கர் என்று சுற்றுகிறார். பெண் பார்க்கத் தொடங்கி நாலு வருடம் ஆகிறது. ஜாதகம் எல்லா இடத்திலும் ஓடுகிறது. போட்டோ போன இடத்தில் நின்றுவிடுகிறது.

காரணம், அவருடைய எந்தப் போட்டோவிலும் கண் திறந்திருக்காது. அக்கா தன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். அண்ணன் கல்யாணத்து குரூப் போட்டோவில் கண் மூடியிருந்தது. கோவில் கும்பாபிஷேகப் போட்டோவில் மூடியிருந்தது. வாக்காளர் அட்டையில் ஆள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். தானே எடுத்துக்கொண்ட செல்ஃபியிலும் கண்ணை மூடியிருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லென்ஸைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வீட்டில் பையனுக்குப் பார்வைக் கோளாறா என்று தரகரிடம் கேட்டார்களாம். இன்னொரு வீட்டில் எந்நேரமும் குடிப்பாரோ என்று கேட்டார்களாம். இப்போது எடப்பாடியில் ஒரு வரன் வந்திருக்கிறது. தறிப்பட்டறை வைத்திருக்கும் குடும்பம். ஜாதகம் அருமையாகப் பொருந்திவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை அவர்கள் குலதெய்வக் கோவிலில் பூவாக்குக் கேட்கப்போகிறார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் சம்மதம். ஆனால் சாமியிடம் கேட்பதற்கு முன்னால் தனக்குப் போட்டோ வேண்டும் என்று பெண் சொல்லிவிட்டாள். அதுவும் நியாயம்தானே.

சரி, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வெள்ளி விடியற்காலை ரிக் வண்டி மத்தியப் பிரதேசம் கிளம்புகிறது. போனால் திரும்ப ஐந்தாறு மாதம் ஆகும். அந்த வியாழக்கிழமை மத்தியானமே எடப்பாடி ரோட்டில் ஒரு தோட்டத்தில் போர் போடுவதோடு உள்ளூர் வேலை முடிகிறது. ஆக, எங்களுக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான்.

"இந்த வாட்டியும் போச்சுன்னா, இவன் இனி வேண்டாம்னு சொல்லிப்போட்டானுங்க" என்றார் அக்கா. குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

சொல் வந்த வழி

குமரேசனை ஸ்டூலில் உட்காரவைத்து, லைட் போட்டு, "ரெடி" என்றேன். கிளிக். கண் மூடியிருந்தது. ஃப்ளாஷ் வெளிச்சம் கூசுகிறதோ என்று அதை அணைத்துவிட்டு, "ரெடி" என்றேன். மூடியிருந்தது. வாசலுக்குக் கூட்டிப்போய் நிழலில் நிறுத்தி, தள்ளி நின்று டெலி லென்ஸில் எடுத்தேன். பூட்டுப் போட்டது போல மூடியிருந்தது. எதிரே டீக்கடையில் நின்றவர்கள் கண்ணாடி டம்ளரோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"சரி தம்பி, உள்ள வாங்க. உங்களுக்குச் சரமாரிதான் போடோணும்" என்றேன். அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ஊசி கீசி போடப்போகிறேன் என்று நினைத்திருப்பார் போல.

இங்கே கொஞ்சம் நிறுத்தி இந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறேன். பட்டனை அழுத்திப் பிடித்தால் நொடிக்குப் பத்துப் பதினைந்து படம் சடசடவென்று விழுகிற முறைக்குக் கேமராவில் பர்ஸ்ட் என்று பெயர். அது துப்பாக்கிக்காரர்கள் சொல். விசையை ஒரு தடவை அழுத்தினால் வரிசையாகப் பல குண்டுகள் போவதை அவர்கள் பர்ஸ்ட் என்பார்கள். நம் தொழிலில் பாதிப் பேச்சு அங்கிருந்து வந்ததுதான். ஷூட், ஷாட் எல்லாம் அப்படி. வாடிக்கையாளர்கள் சாதுவாக "ஒரு ஸ்நாப் எடுத்துக் குடுங்க" என்கிறார்களே, அந்த ஸ்நாப்ஷாட்டும் இங்கிலீஷ்கார வேட்டைக்காரர்களின் சொல். புதரிலிருந்து பறவை எழுந்து பறக்கிற நொடியில் குறி பார்க்க நேரமில்லாமல் சட்டென்று சுடுவதற்கு அந்தப் பெயர். கேமரா பிற்பாடு வந்து அதைக் கடன் வாங்கிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். புதுக் கேமரா வாங்கிய அன்று இதையெல்லாம் அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே, இதற்குத் தமிழில் சொல் இல்லையா, சரமாரி என்று ஒன்று இருக்கிறதே என்றார். நான் அதைப் பேப்பரில் மட்டும் படித்திருக்கிறேன். சரமாரியாக வெட்டினார்கள், சரமாரியாகக் கல் வீசினார்கள், எம்.எல்.ஏ. மீது சரமாரிக் கேள்வி. பூச்சரம் மாதிரி கோத்துக்கொண்டு வருவதால் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். அவர் சிரிக்கிற சிரிப்பில் புரையேறிவிட்டது. சரம் என்றால் அம்பு, மாரி என்றால் மழை. வில்லாளிகள் வரிசையாக நின்று விடாமல் எய்தால் வானம் தெரியாமல் அம்பு மழையாகக் கொட்டும், அதுதான் சரமாரி என்றார். அரிவாளுக்கும் கல்லுக்கும் பிற்பாடு பத்திரிகைக்காரர்கள் மாற்றிவிட்டார்களாம்.

அந்த அம்பு மழை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து எங்கள் ஸ்டுடியோவில் பர்ஸ்ட் கிடையாது, சரமாரிதான். மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் வீடியோக்காரரே "அக்கா, சரமாரி போடுங்க" என்று கத்துகிற அளவுக்குப் பரவிவிட்டது. பக்கத்து ஊர் ஸ்டுடியோக்காரர்களும் சொல்கிறார்கள். சொல்லட்டும், அதற்கென்ன.

உதடு, தாடை, கண்

குமரேசனை மறுபடி ஸ்டூலில் உட்காரவைத்தேன். "ரெடி" என்று சொல்லிப் பட்டனை அழுத்திப் பிடித்தேன். சடசடவென்று கேமரா கொட்டித் தீர்த்தது. அக்கா பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். ஒன்றில்கூடக் கண் இல்லை.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் மட்டும் திரும்ப முதல் படத்துக்குப் போனேன். சரமாரியின் அருமை அதுதான். ஒரு படத்தில் மூடிய கண் வெறும் மூடிய கண். வரிசையாகப் பார்த்தால் அது எப்படி மூடுகிறது என்பது தெரியும். முதல் படத்தில் கண் முக்கால்வாசிதான் மூடியிருந்தது. ஆனால் உதடு அதற்குள் இறுகியிருந்தது. அடுத்ததில் தாடை இடது பக்கம் திரும்பத் தொடங்கியது. அதற்கடுத்ததில்தான் கண் முழுக்க மூடியது. கூச்சப்படுகிறவன் வாயை எதற்கு மூடுகிறான்? முகத்தை எதற்குத் திருப்புகிறான்? ஏதோ மேலே வந்து அடிக்கப்போகிறது என்று ஒதுங்குகிற முகம் அது.

"ஏனுங் தம்பி, உங்க வண்டில ஏர் தொறக்கறப்ப என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

கம்ப்ரசரிலிருந்து காற்றைத் திறந்ததும் குழிக்குள் இருக்கிற கல்தூள் முழுக்க மேலே பீய்ச்சி அடிக்கும், அதனால் திறப்பதற்கு முன்னால் கம்ப்ரசர் வண்டிக்காரர் சத்தம் கொடுப்பார், எல்லாரும் வாயையும் கண்ணையும் மூடி இடது பக்கம் திரும்பிக்கொள்வோம் என்றார் குமரேசன்.

"என்ன சத்தம் குடுப்பாங்க?"

அவர் வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ரெடின்னுதானுங்க."

 நான் சிரித்தேன், அவர் சிரித்தார், அக்கா என்ன ஏது என்று கேட்டு விவரம் புரிந்ததும் மகனின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். நாலு வருடமாக ஊரில் உள்ள போட்டோக்காரர்கள் எல்லாரும் அவரைப் பார்த்து "ரெடி" என்றிருக்கிறோம். அவர் உடம்பு மரியாதையாகக் கல்தூளுக்கு ஒதுங்கியிருக்கிறது. செல்ஃபி எடுக்கும்போது அவரே மனதுக்குள் சொல்லிக்கொள்வாராம்.

நோய் தெரிந்துவிட்டதே, இனி மருந்து சுலபம் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் எடுத்தேன். கண் திறந்திருந்தது. ஆனால் இப்போது அந்தச் சொல் எந்த நொடி வருமோ என்று காத்துக்கொண்டு ஆள் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். திரையில் பார்த்த அக்கா, "இது ஜெயிலுக்குப் போறவன் மொகமாட்ட இருக்குதுங்க அம்மணி" என்றார். பெற்ற தாயே சொன்ன பிறகு நான் என்ன சொல்ல?

வண்டியில் எப்போதுதான் கண்ணைத் திறப்பீர்கள் என்று சலிப்போடு கேட்டேன். கேமராவைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டேன்.

"தண்ணி வந்தா ஆருங்க்கா கண்ணை மூடுவாங்க?" என்றார் அவர். சொல்லும்போதே முகம் முழுக்க மலர்ந்து, கண் இரண்டும் அகல விரிந்தது. அப்படி ஓர் அழகான முகம் அந்த ஆறடிக்குள் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. நான் கேமராவைத் தாவி எடுப்பதற்குள் போய்விட்டது.

இன்னும் ரெண்டு ராடு

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, அக்காவை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். போர் போடுகிற இடத்துக்குப் போய், தண்ணீர் வருகிற நேரத்தில் எடுத்துவிடுவது என்று திட்டம். தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்று வழியில் அக்கா இரண்டு தடவை கேட்டார். காற்றில் காது கேட்காதது போல ஓட்டினேன்.

தோட்டத்தில் ரிக் வண்டி ஒரு பக்கம், கம்ப்ரசர் வண்டி ஒரு பக்கம். கல்தூள் பறந்து தென்னை மரமெல்லாம் வெள்ளையாக நின்றது. குமரேசன் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையில் துண்டு. தூள் படிந்து புருவமெல்லாம் நரைத்திருந்தது. ஜவுளிக்கடைப் பையில் லென்ஸுக்கு ஓட்டை போட்டு அதற்குள் கேமராவைத் திணித்துக்கொண்டு, தள்ளி ஒரு வரப்பின்மேல் நின்றேன்.

ஒரு ராடு, அதாவது துளை போடுகிற நீள இரும்புக் குழாய், இறங்கும். நிறுத்துவார்கள். அடுத்த ராடு மாட்டுவார்கள். "ரெடி" என்று சத்தம் வரும். அத்தனை பேரும் ஒரே மாதிரி உதட்டை இறுக்கி, இடது பக்கம் திரும்பிக் கண்ணை மூடுவார்கள். நாலைந்து தடவை பார்த்ததும் எனக்கே அந்தச் சத்தத்துக்கு முகம் திரும்பத் தொடங்கியது. பக்கத்தில் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்கிற தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எழுநூறு அடி போயும் புகைதான் வந்தது. எங்கள் பக்கம் தண்ணீர் இல்லாத குழியைப் புகை என்போம். காய்ந்த தூள் மட்டும் கிளம்பும். தோட்டத்துச் சொந்தக்காரர் பெரியவர், இதோடு போதும், ஏற்கெனவே மூன்று போர் இப்படித்தான் போயிற்று என்று கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். வண்டி நின்றது. குமரேசன் துண்டை உதறித் தோளில் போட்டார். 

அக்கா வரப்பிலிருந்து இறங்கினார். கல்லும் தூளும் பாராமல் நேராகத் தோட்டக்காரரிடம் போனார்.

"ஏனுங்க, இன்னும் ரெண்டு ராடு போடச் சொல்லுங்க. அது என்ர கணக்கு."

தோட்டக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. யார் இந்த அம்மா, எதற்குத் தன் தோட்டத்தில் குழி தோண்டப் பணம் கொடுக்கிறார் என்று குமரேசனின் மச்சானைக் கேட்டார். மச்சான் விவரத்தைச் சொல்லச் சொல்ல, அந்த மனிதர் துக்கத்தை மறந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏனாத்தா, போரு எனக்குப் போடறீங்களா, உங்க பையன் கண்ணுக்குப் போடறீங்களா?" என்றார். பிறகு வண்டியைப் பார்த்துக் கையை அசைத்தார்.

முதல் ராடு இறங்கியது. புகைதான். இரண்டாவது ராடு மாட்டினார்கள்.

புதிதாகக் கேமரா வாங்கியிருக்கும் பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனியுங்கள். சரமாரி கையில் இருக்கிறது என்று கண்டபடி அழுத்தக் கூடாது. கேமராவுக்குள் ஒரு தொட்டி இருக்கிறது, பஃபர் என்பார்கள். முன்கூட்டியே கொட்டிவிட்டால் அது நிரம்பி, சரியான நேரத்தில் கேமரா முக்கிக்கொண்டு நிற்கும். தாலி கட்டுகிற நேரத்தில் கேமராவை உதறிக்கொண்டு நிற்கிற பையன்கள் எல்லாரும் ஐயர் மஞ்சள் கயிற்றைத் தொட்டபோதே அழுத்தத் தொடங்கியவர்கள். எனவே நான் குழியைப் பார்க்கவே இல்லை. குமரேசனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, விரலைப் பட்டன்மேல் வைத்துக் காத்திருந்தேன்.

அந்த இரைச்சலில் அவர் தலை லேசாகச் சாய்ந்தது. இயந்திரத்தின் சத்தம் மாறியதாக அவர் பிறகு சொன்னார். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் கண்ணை மூடி இடது பக்கம் திரும்பியிருந்த முகம் வலது பக்கம், குழியை நோக்கித் திரும்பத் தொடங்கியது. அழுத்தினேன்.

தூள் ஈரமாகிக் கனத்து விழுந்தது. பிறகு சேறு. பிறகு ரிக்கின் உச்சிக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்து எங்கள் எல்லார் தலையிலும் கொட்டியது. தோட்டக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். மச்சான் விசிலடித்தார். அக்கா, தண்ணீர் வந்ததைப் பார்க்காமல், "எடுத்தீங்களா அம்மணி, எடுத்தீங்களா?" என்று என் முழங்கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். நான் நனைந்த தலையோடு சந்தோஷத்தில் விசில்காரரைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

எனக்கு மட்டும் அழி

கம்ப்ரசர் வண்டி நிழலில் உட்கார்ந்து படங்களை வைஃபையில் செல்லுக்கு இறக்கிப் பார்த்தோம். இறுகிய உதடு. மூடிய கண். ஒரு கண் கீற்றாக. இரண்டு கண்ணும் பாதி. பிறகு சேற்றுத் தண்ணீர் முகத்தில் வழிய, இரண்டு கண்ணும் அகலத் திறந்து, வாயெல்லாம் பல்லாக ஒரு சிரிப்பு. இருபத்தெட்டு வருடத்தில் நான் எடுத்த முகங்களில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. மாப்பிள்ளை போட்டோ என்றால் வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. இவர் சேற்றில் முக்கி எடுத்தது போல இருந்தார். மூஞ்சியைக் கழுவிவிட்டு மறுபடி ஒன்று எடுக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். மறுபடி எழுநூறு அடி தோண்ட வேண்டும் என்றேன். பெருமூச்சு விட்டு, இருப்பதில் சேறு குறைவாக உள்ளதைத் தானே பொறுக்கிப் பெண்ணின் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். படங்கள் எல்லாவற்றையும் அவர் செல்லுக்கு ஏற்றினேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். அக்காவின் விரல் ஈரமாக இருந்தது. ஒன்றைத் தொட்டார், பத்தில் டிக் விழுந்தது. பத்தை எடுக்கப்போய் எல்லாவற்றிலும் விழுந்தது. பதறிப்போய் எதையோ அழுத்தினார். சரமாரி முழுவதும் எடப்பாடிக்குப் போய்விட்டது.

"எல்லாம் போயிருச்சுங்க அம்மணி" என்றார். நாற்பது படம் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. கண் மூடினது, உதட்டைக் கடித்தது, ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தது, எல்லாம். அழித்துவிடலாம், பயப்படாதீர்கள் என்று நான் கையை நீட்டுவதற்குள் அவரே அழித்துவிட்டார். எல்லாருக்கும் அழி என்பதற்குப் பதில் எனக்கு மட்டும் அழி என்பதை அழுத்தியிருந்தார். படங்கள் அவர் செல்லிலிருந்து மட்டும் மறைந்தன. அங்கே பத்திரமாக இருந்தன. யாராவது பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ளக்கூட இனி வழியில்லை.

குமரேசன் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. "விடுங்கம்மா. நான் வேலையப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ராடுகளைக் கழற்றப் போனார்.  திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அக்கா அழுகிறார் என்பது என் முதுகுக்குத் தெரிந்தது. வெள்ளி விடிவதற்குள் வண்டி மத்தியப் பிரதேசம் போய்விட்டது.

எடப்பாடியிலிருந்து வந்தவள்

சனிக்கிழமை பதினொரு மணி வாக்கில் கடைக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். கண்ணாடி போட்டிருந்தாள். அம்மாவைப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். பெயர் நந்தினி. வீட்டுத் தறிப்பட்டறைக்குக் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறவள்.

"ரிக் வண்டிக்காரர எடுத்தது நீங்கதானுங்க்கா? எங்கப்பாகிட்ட அவங்கம்மா உங்க கடை பேரைத்தான் சொல்லியிருந்தாங்க."

 தப்பு என்னுடையது, அந்த அம்மாவுக்குச் செல் பழக்கம் குறைவு, மற்ற படங்களைப் பார்க்காதே, பையன் தங்கமானவர் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். முடித்ததும், தான் எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். ஒரு தடவை இல்லை, விரலால் வேகமாகத் தள்ளித் தள்ளி, முன்னும் பின்னுமாக ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்திருக்கிறாள்.

"இதுவரைக்கும் எனக்கு வந்த போட்டோ எல்லாத்துலயும் கண்ணைத் தொறந்து வெச்சுட்டு ரெடியா நின்னாங்க்கா. எப்பிடித் தொறக்கறாங்கன்னு காட்டினவரு இவரு ஒருத்தருதான்."

 பூவாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பூக் கேட்பதற்கு முன்னாலேயே அப்பாவிடம் சம்மதம் சொல்லிவிட்டாளாம். சாமியும் பிற்பாடு வெள்ளையே கொடுத்ததாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

இத்தனை வருடமாக ஒரு நல்ல படத்தைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை அழிப்பதுதான் தொழில் என்று நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் அழிப்பதற்கு முன்னால் படத்துக்கு உரியவர்களை ஒரு தடவை கேட்டுவிடுகிறேன். எது நல்ல படம் என்பது பட்டனை அழுத்துகிறவருக்கு மட்டும் தெரிகிற விஷயமில்லை. பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள்.

நந்தினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். தன் போட்டோவை அவருக்கு அனுப்ப வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்றாள். கேமராவை எடுத்தேன். வழக்கமான சொல் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் அழுத்திப் பிடித்தேன். சடசடவென்று கொட்டிய சத்தத்தில் அவள் திடுக்கிட்டுக் கண்ணை இறுக்க மூடினாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

இதில் எந்தப் படத்தை அனுப்பட்டும் என்று கேட்டேன்.

"கண்ணு மூடினதுல இருந்தே அனுப்புங்க்கா" என்றாள்.